நாயகம் பிள்ளையின் அளவுக் கழி

1

மன்னார்குடியில் இருக்கிற உங்களுக்கு உயரம் ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. கோபுரத்தைவிட உயரமாக வீடு கட்டக் கூடாது என்ற விதியை நம் ஊரில் எவரும் மீறியதில்லை. காரணம் பக்தி என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். செங்கல் விலை என்று பிறகு தெரிந்தது. நம் ராஜகோபுரத்துக்கு மேலே போக வேண்டுமானால் ஒருவன் ராஜாவாகப் பிறந்து தொலைக்க வேண்டும். இங்கே மலாக்காவில், காஜா பெராங்கில், நான் குடியிருக்கும் சந்தில் சாமிகள் அடக்கமானவை. நாலு பலகை, ஓர் ஏணி, ஒரு கைப்பிடி ஆணி இருந்தால் எந்தக் குமாஸ்தாவும் அம்மனுக்கு மேலே போய்விடலாம். போனவன் நான்தான்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மறுபடி உயரத்தைப் பற்றி ஒரு கூட்டம். ஜப்பான்காரன் போய் நாலு வருடம் ஆகிறது. சந்து முனையில் கடை வைத்திருக்கும் சொக்கலிங்கம் அதை இடித்து மூன்று மாடி கட்டப் போகிறார். விண்ணப்பம் நகராட்சிக்கு வந்துவிட்டது. அதை வாங்கி முத்திரை குத்தியவனும் நான்தான். கட்டட அனுமதிப் பிரிவில் இருபது வருடமாகப் பிறர் வீடுகளின் உயரத்தைப் பேரேட்டில் ஏற்றி வருகிறேன். என் உயரம் மட்டும் அதே நாற்காலியில் அப்படியே இருக்கிறது.

கூட்டத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கப்பல் ஓடாத வருடங்களில் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று அத்தனை பேர் கேட்டு எழுதினீர்கள். ‘எல்லோரும் சௌக்கியம், விசாலம் மட்டும் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த ஒரு வரிக்கு உரை இது.

2

எங்கள் சந்தில் இரண்டு வகைத் தமிழர்கள். ஒரு வகை, என்னைப் போலக் கப்பலேறி வந்து, ‘அடுத்த வருடம் ஊருக்குத் திரும்புகிறேன்’ என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள். இன்னொரு வகை செட்டிகள். மலாக்காவில் சுல்தான் இருந்த நாளிலேயே வியாபாரத்துக்கு வந்து, திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டவர்கள். வீட்டில் பேச்சு மலாய். பெண்களுக்கு சாரோங் கைலியும் கெபாயா என்கிற நீளச் சட்டையும். ஆனால் பொங்கல் வந்தால் நம்மைவிட ஆசாரமாகப் பானை வைப்பார்கள். தமிழ் தெரிந்த நான் தேவாரத்தைப் பாதியில் மறந்து விழிக்கும்போது, தமிழ் தெரியாத அவர்கள் கடைசிவரை பாடிவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

எங்கள் சந்து அம்மன் கோயிலுக்கு அப்போது தர்மகர்த்தா நாயகம் பிள்ளை, அந்தச் செட்டிகளில் ஒருவர். ஒல்லியான மனிதர், நீண்ட கழுத்து. அவரிடம் ஒரு கழி இருந்தது. நிபோங் என்று இங்கே கடலோரத்தில் ஒரு பனை உண்டு. வைரம் பாய்ந்த மரம், உப்புத் தண்ணீரில் நின்றாலும் உளுக்காது. அதில் வெட்டியது. தரையிலிருந்து கோபுரக் கலசத்தின் நுனிவரை என்ன உயரமோ அதே நீளம். மண்டபத்து இறவாணத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகளில் படுத்திருக்கும். சந்தில் யார் புதிதாகக் கூரை போட்டாலும் நாயகம் பிள்ளை குளித்து, வேட்டி மாற்றி, கழியைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார். சுவரோரம் நிறுத்துவார். கூரை கழியின் நுனிக்குக் கீழே இருந்தால் வீட்டுக்காரர் வெற்றிலை கொடுப்பார். மேலே இருந்தால் மறுநாள் தச்சன் வருவான். கோபுரத்தின் மேல் ஏறி அளப்பதோ அதற்கு நாடா பிடிப்பதோ கிடையாது. சாமிக்குத் தையற்காரன் மாதிரி அளவெடுப்பார்களா என்பது அவர் கட்சி.

நகராட்சியின் சட்டப் புத்தகத்தில் உயர வரம்புக்கு ஏழு பிரிவுகள் உண்டு. எனக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தக் கழிக்கு முன்னால் அவை ஒன்றும் நின்றதில்லை.

3

ஜப்பான்காரன் வந்தபோது ஆபீசில் நாற்காலி மாறவில்லை, நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்த படம் மாறியது. விண்ணப்பங்கள் இனி ஜப்பானிய மொழியில் வர வேண்டும் என்றார்கள். ஊரில் எவருக்கும் எழுதத் தெரியாது. ஆகவே எவரும் எதுவும் கட்டவில்லை. என் பிரிவு அவ்வளவு திறமையாக வேலை செய்த காலம் வேறு இல்லை. போகிற வழியில் காவலுக்கு நிற்பவன் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி இடுப்பு வளையக் குனிய வேண்டும். கட்டடங்களுக்கு வரம்பு போட்டவன் நான். எனக்கு வரம்பு இடுப்பளவு.

என் மகள் கமலாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் ஜப்பானியப் பாட்டு, சந்தில் மலாய், வீட்டில் நான் பிடிவாதமாகத் தமிழ். மூன்றிலும் அவள் என்னைத் திருத்தினாள்.

அவள் அம்மா விசாலத்துக்கு இருமல் வந்தது அரிசி மறைந்து மரவள்ளி மட்டுமே சாப்பாடாகிப்போன பிறகு. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அங்கிருந்த டிரெஸ்ஸர், நம் ஊர்க் கம்பவுண்டர் மாதிரி, நல்ல மனிதர். குமாஸ்தாவுக்கு இங்கே கிராணி என்று பெயர். “கிராணி, மருந்து கேக்காதீங்க, இல்ல,” என்றார். “காத்து குடுங்க. வெளிச்சம் குடுங்க. உக்கார வைங்க, படுத்தா இருமும். முட்டை கிடைச்சா குடுங்க.” நான்கில் முட்டை என் கையில் இல்லை. காற்றும் வெளிச்சமும் எங்கள் வீட்டில் இல்லை. ஆற்றோரத் தாழ்வில் கட்டிய வீடு. தரை எப்போதும் வேர்த்தபடி இருக்கும்.

அதனால் கூரைக்கு மேலே ஓர் அறை கட்டினேன். அனுமதிப் பிரிவு குமாஸ்தா அனுமதி இல்லாமல் கட்டினான். பழைய லாரிப் பலகைகள், அத்தாப்பு என்கிற ஓலைக் கூரை, நாலு பக்கமும் ஜன்னல். ஏணி வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாணத்தில்கூட நான் அவளைத் தூக்கியதில்லை. எடை இல்லாமல் இருந்தாள். அதைச் சொல்லாமல், “கனக்குறே,” என்றேன்.

மேலே போனதும் தென்னைகளுக்கு அப்பால், உஜோங் பாசிர் பக்கம், கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

“ஏங்க, நாகப்பட்டினம் இதுக்கு நேரேதானே?”

அதற்கு நேரே சுமத்ரா. “ஆமா,” என்றேன்.

4

மூன்றாம் நாள் நாயகம் பிள்ளை கழியோடு வந்தார். நிறுத்தினார். அறையின் முகடு கழியைத் தாண்டி ஒரு முழம் நின்றது. அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

“தா போலே லா, கிராணி,” என்றார். கூடாது என்று அர்த்தம். அவர் பேசியது மலாய். நான் இங்கே தமிழில் தருவதால் பாதி இனிப்பு போய்விடும். “அம்மன் கீழே, ஆள் மேலே. எப்படித் தூங்குவீங்க?”

“அவ தூங்கறதில்ல பிள்ளை. இருமறா.”

அந்த வாரம்தான் பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பங்கீட்டு அரிசிக்கு, ஆள் கணக்குக்கு, எல்லாவற்றுக்கும் அந்தத் தலைவர் பொறுப்பு. நம்மவர் மூன்று பேர் கூடினால் நாலு தலைவர்கள் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டிக்கு நின்றவர்கள் நாயகம் பிள்ளையும் சொக்கலிங்கமும். சொக்கலிங்கம் அப்போது வட்டிக்கடைக் கிட்டங்கியில் மேலாளாக இருந்தார், வாய்ச் சாமர்த்தியசாலி. ஊரில் பஞ்சம், தெருவில் துப்பாக்கி, ஆனால் எங்கள் சந்தின் தேர்தல் பிரச்சினை என் மாடி.

கூட்டம் மண்டபத்தில் நடந்தது. சொக்கலிங்கம் எழுந்தார். “சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். இன்னைக்கி கிராணி ஒரு முழம், நாளைக்கி நான் ரெண்டு முழம். பெறகு அம்மன் எங்கே போறது, கெணத்துக்குள்ளயா? கூரைய ஒரு முழம் எறக்கட்டும்.”

“எறக்கினா அவ உட்கார முடியாதுங்க,” என்றேன்.

“படுத்துக்கிரட்டும்.”

நான் நகராட்சிச் சட்டத்தின் ஏழு பிரிவுகளையும் வரிசையாகச் சொன்னேன். ஐந்தாவது பிரிவில் ஒருவர் குறட்டை விட்டார்.

அப்போது பீபிக் பாக்கியம் உள்ளே வந்தாள். நாயகம் பிள்ளையின் மனைவி. பீபிக் என்பது நம் ‘அத்தை’ மாதிரி ஒரு மரியாதை. சந்து முழுவதற்கும் அவள் பீபிக்தான். நாங்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அவள் எங்கள் ஏணியில் ஏறி, விசாலத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அந்த ஜன்னல்ல கலசம் தெரியுது. அவ கண்ணு முழிச்சதும் மொதல்ல அதைத்தான் கும்பிடறா. இங்க உக்காந்திருக்கிற ஆம்பளைங்க யாரு அப்படிக் கும்பிடறீங்க? அம்மனும் பொம்பளைதான். இருமற பொண்ணைப் பார்த்துக் கீழ எறங்குடின்னு சொல்லுவாளா?”

நாயகம் பிள்ளை கொக்கிகளில் இருந்த கழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் விடிந்ததும் விசாலம் மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். சிரிக்கிற குரல். எத்தனையோ மாதமாகிவிட்டது அதைக் கேட்டு. ஏறிப் பார்த்தேன்.

நாயகம் பிள்ளை கோபுரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் எவரையும் ஏறவிடாத மனிதர், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கலசத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் கழியைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டிக்கொண்டிருந்தார். நுனியில் மஞ்சள் துணி, ஒரு சின்னப் பித்தளைச் செம்பு. கீழே சொக்கலிங்கம் கம்பிச் சுருளை அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேங்காய்நார்க் கயிறு ஊரில் ஒரு முழம் கிடைக்காத காலம். எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. கிட்டங்கியில் பழைய தாமிரக் கம்பி கிடந்தது. காற்றில் கழி சாயாமல் அந்தக் கம்பியால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள்.

இறங்கி வந்ததும் நாயகம் பிள்ளை என்னிடம் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “உங்க பெண்சாதியை எறக்கக் கூடாது. சாமியை எறக்க முடியாது. சாமியை ஏத்திட்டேன். இப்ப அளந்து பாருங்க, கிராணி.”

“எதை வெச்சு அளக்கறது? அளவுகோலையே மேலே கட்டிட்டீங்களே,” என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

சொக்கலிங்கம் பக்கத்தில் நின்று, “கோயில் ரெட்டிப்பாயிருச்சுல்ல. இனிமே நாம்பளும் ஒரு மாடி எடுத்துக்கிரலாம்,” என்றார். அன்று மாலை தலைவர் தேர்தலில் நாயகம் பிள்ளைக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். சொக்கலிங்கமும் தூக்கினார். ஒரு சட்டத்தை உடைக்காமல், ஓர் ஆளையும் உடைக்காமல் ஓர் ஊர் முடிவெடுத்ததை நான் என் ஆயுளில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நகராட்சியில் எவருக்கும் தோன்றியிருக்காது. எங்களுக்குத்தான் தோன்றும்.

சில நாட்கள் விசாலம் தேறிவருவதுபோல இருந்தாள். வெயில் படும்போது செம்பு மின்னும். அந்த மினுக்கம் அவள் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் வந்து விழும். கமலா அதைக் கையால் பிடிக்க ஓடுவாள்.

6

அந்த மினுக்கம் எங்கள் சுவரில் மட்டும் விழவில்லை. குன்றின் மேல் காவல் நின்றவர்களின் தூரக்கண்ணாடியிலும் விழுந்திருக்கிறது. உயரமான கழி, நாலு பக்கமும் தாமிரக் கம்பி. கடலில் எதிரியின் நீர்மூழ்கி நடமாடுகிறது என்ற பயத்தில் அவர்கள் இருந்த நேரம். அவர்கள் கண்ணில் அது கோயில் இல்லை, வானொலிக் கம்பம்.

லாரி வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். நடந்ததைச் சொக்கலிங்கம் பிறகு சொன்னார். துபாஷியாக வந்தவன் முதலில் கேட்டது, “இந்தப் பத்து வீட்டுக்குத் தலைவன் யார்?”

“நான்,” என்றார் நாயகம் பிள்ளை.

“எதுக்கு இந்தக் கம்பம்?”

“சாமிக்கு.”

“யாருக்குச் செய்தி அனுப்புறே?”

“செய்தி இல்லை. உயரம்.”

அறைந்தார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடி ‘சாமிக்கு’ என்றார். மாடியில் ஒரு நோயாளி இருக்கிறாள், அவளுக்காகத்தான் இது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பார்வை எங்கள் ஏணிப் பக்கம் திரும்பியிருக்கும். அவர் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை என்று சொக்கலிங்கம் சொன்னார். கம்பி யார் கொடுத்தது என்றும் கேட்டார்கள். கோயிலில் கிடந்தது என்றாராம். அதைச் சொல்லும்போது சொக்கலிங்கம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கழியையும் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கழி லாரிக்குள் அடங்காமல் பின்னால் நீட்டிக்கொண்டிருந்ததாம், மஞ்சள் துணியோடு. அதை முழுதாகப் பார்த்தவள் விசாலம் ஒருத்திதான். மாடி ஜன்னலிலிருந்து லாரி திரும்புகிற வரைக்கும் பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் எனக்கு ஓர் உத்தரவைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். காஜா பெராங்கில், கோயில் தவிர, இத்தனை அடிக்கு மேல் எந்தக் கட்டுமானமும் இருக்கக் கூடாது. இருப்பதை உடனே பிரிக்க வேண்டும். அந்த அடிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கோயிலை அளந்தார்கள், அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள் என்றான் பக்கத்து மேஜைக்காரன். அளந்த எண்ணும் அங்கே இருந்தது. கோபுரத்தின் உயரம் முதன்முதலாக அடியிலும் அங்குலத்திலும் ஒரு காகிதத்தில் ஏறியது அப்படித்தான். பிழையில்லாமல் அடித்தேன். என் வேலையில் எப்போதும் பிழை கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது விசாலம் ஏணிக்கு மேலே உட்கார்ந்து காத்திருந்தாள். “எறக்குங்க,” என்றாள். உத்தரவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. “அந்தம்மா வீட்டுக்காரர் வர்றவரைக்கும் நான் மேலே இருக்க மாட்டேன்.”

தூக்கிக்கொண்டு இறங்கினேன். இந்தத் தடவை கனக்கிறாய் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஜப்பான்காரன் போவதைப் பார்க்க அவள் இருக்கவில்லை. அந்த மாதங்களில் ஒரு நாள் தவறாமல் பீபிக் பாக்கியம் வந்தாள். மரவள்ளிக் கஞ்சி, எப்போதாவது எங்கிருந்தோ ஒரு முட்டை. தன் புருஷனைப் பற்றி ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு கிடையாது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ விசாலத்துக்குத் தலை சீவிவிட்டாள். கடைசி வாரத்தில் விசாலம் தினமும் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளை வந்துட்டாரா?”

“வந்துருவார்,” என்பாள் பீபிக், தமிழில். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான்.

7

இனி, போன வெள்ளிக்கிழமை.

சொக்கலிங்கம் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்துவிட்டார், பேச்சும் குறைந்துவிட்டது. கோயிலுக்கு இப்போதுள்ள நிர்வாகிகள் இளவட்டங்கள். மூன்று மாடி கலசத்தைத் தாண்டுமா தாண்டாதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். ஒருவன், “புதுசா ஒரு கழி வெட்டிக்கலாமே,” என்றான். “நீளம்?” என்றான் இன்னொருவன். “அதுக்கென்ன, டேப் இருக்கு. மேலே ஏறி அளந்தா அஞ்சு நிமிஷம்.” நியாயமான பேச்சு. எங்கள் நகராட்சி எஞ்சினீயரும் அதைத்தான் சொல்வார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பீபிக் பாக்கியம் எழுந்தாள். கழுத்தில் தாலி இருக்கிறது. அவள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லும் தைரியம் இங்கே எவருக்கும் இல்லை. போன வருடம், பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊர் ஆள் ஒருவன், ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துப்போனவன், செத்துவிட்டான் என்று காரியம்கூடச் செய்தாயிற்று, சயாமிலிருந்து சயாம்காரப் பெண்ணோடும் குழந்தையோடும் வந்து இறங்கினான். அதிலிருந்து அவள் நம்பிக்கைக்கு யாரும் குறுக்கே பேசுவதில்லை.

அவள் கோபமாகப் பேசவில்லை. சந்தைக்குப் போயிருக்கிறவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கழி அவர்கிட்ட இருக்கு. வந்து வெச்சுப் பார்ப்பார். அதுவரைக்கும் பொறுங்க.”

டேப் என்று சொன்ன பையன் தலையைக் குனிந்துகொண்டான். மண்டபத்து இறவாணத்தில் அந்த இரண்டு கொக்கிகளும் இருந்தன. துருப்பிடிக்கவில்லை. யாரோ எண்ணெய் போடுகிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

சொக்கலிங்கம் எழுந்தார். வரைபடத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதற்கு நெடுநேரம் பிடித்தது.

“சரி,” என்றார். “பிள்ளை வரட்டும்.”

கூட்டம் அவ்வளவுதான். வீட்டுக்கு நடக்கும்போது கமலா கூட வந்தாள். பதினைந்து வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். என்னோடு தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பாள். நான் தமிழில் பதில் சொன்னால் பாவம் பார்த்துக் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கு என்னவோ முழுக்கத் தமிழிலேயே கேட்டாள்.

“அப்பா, உங்க ஆபீஸ்ல அந்த அளவு இருக்கும்ல? நீங்கதானே டைப் பண்ணீங்க?”

“இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

செருப்பில் மணல் புகுந்ததாகக் குனிந்து உதறினேன். கமலா கொஞ்ச தூரம் பார்த்தாள், பிறகு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஏணி இன்னும் இருக்கிறது, கூரையில் போய் முட்டிக்கொண்டு. அவள் அதில் துணி காயப்போடுகிறாள்.

திங்கட்கிழமை எஞ்சினீயர் சொக்கலிங்கத்தின் விண்ணப்பக் கட்டைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர், புதிதாக வந்தவர், கெட்டவர் இல்லை. விண்ணப்பக்காரர் நிறுத்திவைக்கச் சொல்கிறார், காரணப் பத்தி காலியாக இருக்கிறதே என்றார். எழுதித் தருகிறேன் என்று வாங்கிவந்து எழுதினேன்: அளக்க வேண்டியவர் ஊரில் இல்லை.

படித்தார். “எப்போது வருவார்?”

“தெரியாது, ஐயா.”

“வருவாரா?”

மேஜையில் இரண்டு தட்டுகள் உண்டு. முடிந்தவை ஒன்றில், வரவேண்டியவை மற்றதில். நான் அந்தக் கட்டை எடுத்து வரவேண்டியவற்றில் வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் போனேன்.